அரசருக்காக மன்றாடுவதும் அரசரிடம் மன்றாடுவதும்

(இளைஞர்களின் வாசிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



'மத நம்பிக்கையும் அரசியல் வெறுப்பும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். இதைப் பேச என்னை ஏன் கூப்பிட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் தலித் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். பிறந்ததோடு நிற்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறேன், தவக்காலத்தில் வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்கும் போகிறேன். அதே சமயம் பாரதிய ஜனதா கட்சியின் அரசியல் எனக்குப் பிடிக்காது. பிடிக்காது என்பது கூட்டத்துக்காகப் போடும் நாகரிகமான சொல். காலையில் செய்தித்தாளைத் திறந்ததும் வயிற்றில் ஒன்று எரிகிறதே, அதைச் சொல்கிறேன்.

இதனால் இரண்டு பக்கமும் எனக்குக் கேள்வி வருகிறது. தோழர்கள் கேட்கிறார்கள்: "இவ்வளவு படிச்சிட்டு இன்னும் எப்படித் தோழர் மாதா கோயிலுக்குப் போறீங்க?" பங்கில் கேட்கிறார்கள்: "இவ்வளவு ஜெபம் பண்ற பொண்ணு, அரசியல்னு வந்தா ஏம்மா இப்படிக் கொதிக்கிற?" முதல் கேள்விக்கு இன்றைக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. அதற்குத் தனியாக ஒரு கூட்டம் போடுங்கள், உட்கார்ந்து சண்டை போடலாம். இரண்டாவது கேள்விதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. அதைக் கேட்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. அன்பியக் கூட்டத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லும் அக்காமார்கள். பகைவரையும் நேசிக்கச் சொன்ன ஒருவரைக் கடவுள் என்று கும்பிடுகிறவள், ஒரு கட்சியை இவ்வளவு வெறுக்கலாமா? கேள்வி நியாயமானது. 'அது வேறு, இது வேறு' என்று சொல்லித் தப்பிக்க எனக்கு விருப்பமில்லை.

இந்த வெறுப்பு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்ப்போம். தலித் கிறித்தவர்களுக்கு அதற்கு ஒரு தேதி இருக்கிறது. 1950 ஆகஸ்ட் 10. அன்றைக்குத்தான் பட்டியல் சாதிகள் குறித்த குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. அதன் மூன்றாவது பத்தி, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள். 1990இல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறித்தவர்களும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியே. ஒரே தெருவில், ஒரே சாதியில், ஒரே கூரைக்குக் கீழே பிறந்த அண்ணன் தம்பியில் ஒருவன் ஞானஸ்நானப் பதிவேட்டைக் காட்டினால் அவனுக்கு எஸ்.சி. சான்றிதழ் கிடையாது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது, தனித்தொகுதியில் நிற்க முடியாது. தமிழ்நாட்டில் எங்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். ஊருக்குள் எங்களை எந்தப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

சரி, இந்த ஆணையைப் போட்டது யார்? பாஜக இல்லை. அந்தக் கட்சி அப்போது பிறக்கவே இல்லை. நேரு பிரதமர், இராஜேந்திர பிரசாத் குடியரசுத் தலைவர். 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்த மதத் தடையை நீக்கச் சொல்லி அறிக்கை கொடுத்தது. அதன் பிறகு 2014 வரை டெல்லியில் இருந்த ஆட்சி காங்கிரஸ் தலைமையிலான ஆட்சி. அறிக்கையைத் தூசி தட்டக்கூட இல்லை. பாஜக ஆட்சி 2022இல் உச்ச நீதிமன்றத்தில் இந்தத் தடையை வெளிப்படையாகவே ஆதரித்து நின்றது. அதே ஆண்டு அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையத்தையும் போட்டது. 2004இல் தொடுத்த வழக்கு அது. அந்த ஆண்டு பிறந்த குழந்தை கல்லூரி முடித்துவிட்டது.

இதைச் சொல்வது "எல்லாக் கட்சியும் ஒன்றுதான்" என்று கைகழுவுவதற்கு அல்ல. எல்லாக் கட்சியும் ஒன்றல்ல. ஒருவர் செய்யாமல் விட்டதற்கும், இன்னொருவர் கொள்கையாகவே வைத்திருப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. மதம் மாறினால் இட ஒதுக்கீடு போய்விட வேண்டும் என்பது சங் பரிவாரத்துக்கு மறதியால் நேர்ந்த பிழை இல்லை. தலித்துகள் வேறு வாசல் தேடிப் போகாமலிருக்க வைத்த பூட்டு அது. அதனால்தான் என் கோபம் அங்கே அதிகம். ஆனால் அந்தப் பூட்டைச் செய்த பட்டறையின் முகவரியும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன்.

ஸ்டேன் சுவாமி விஷயத்திலும் அப்படித்தான். திருச்சிப் பக்கம் விரகாலூரில் பிறந்த இயேசு சபைத் துறவி. ஜார்க்கண்டில் விசாரணையே இல்லாமல் சிறையில் கிடந்த ஆதிவாசி இளைஞர்களுக்காக அலைந்தவர். 2020 அக்டோபர் 8 அன்று கைது செய்தார்கள். நடுக்குவாத நோய், டம்ளரைக் கையில் பிடிக்க முடியாது. உறிஞ்சு குழல் கேட்டு நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5 அன்று, பிணைக்காகக் காத்திருந்தபடியே, 84 வயதில் இறந்துபோனார். அந்தச் செய்தி வந்த அன்று எனக்குள் இருந்தது என்ன என்று பாவசங்கீர்த்தனத் தொட்டியில்கூட முழுதாகச் சொன்னதில்லை. ஆனால் அவரைப் பிடித்துவைத்த உபா சட்டம் 1967இல் வந்தது. 2004லும் 2008லும் அதைக் கடுமையாக்கியதும், தேசியப் புலனாய்வு முகமையை 2008இல் உண்டாக்கியதும் காங்கிரஸ் ஆட்சி. இது தெரியாமல் வெறும் கொதிப்போடு நான் நின்றேன் என்றால், அடுத்து வருகிறவர் கையில் அதே சட்டம் இருக்கும்போது கைதட்டிக்கொண்டிருப்பேன்.

இப்போது அக்காமார்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். இந்தக் கோபம் பாவமா?

கத்தோலிக்கக் குருக்களும் துறவிகளும் தினமும் சொல்லும் திருப்புகழ்மாலை ஒன்று இருக்கிறது. வாரக்கணக்கில் சுற்றுமுறை வைத்துத் திருப்பாடல்களைச் சொல்வார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு அதைத் திருத்தியபோது மூன்று திருப்பாடல்களை மட்டும் முழுதாக எடுத்துவிட்டார்கள். 58, 83, 109. மூன்றும் சாபப் பாடல்கள். வீட்டில் இருக்கும் விவிலியத்தை எடுத்து 109ஐப் படித்துப் பாருங்கள். எங்கள் பாட்டி மண்ணை வாரித் தூற்றும்போது சொல்லும் வார்த்தைகள் எல்லாம் அதில் இருக்கும். எதிரியின் பதவி போகட்டும், அவன் வீடு பாழாகட்டும் என்று போகிறது. அமைதியாக ஜெபிக்கிற மடத்துக்கு இது சங்கடமாக இருந்திருக்கும், புரிகிறது. ஆனால் நாதியற்றவன் நீதிமன்றம் கைவிட்ட பிறகு போய் நின்று கத்துவதற்கு விவிலியத்துக்குள்ளேயே ஒரு இடம் இருந்தது. அதைத்தான் எடுத்தார்கள். என்னைக் கேட்டால் அந்த மூன்றையும் திருப்பிக் கொடுங்கள் என்பேன்.

அந்தப் பாடலில் கவனிக்க ஒன்று இருக்கிறது. சபிக்கிறவன் தானாகப் போய் எதிரியின் வீட்டைக் கொளுத்தவில்லை. கடவுளிடம் புகார் கொடுக்கிறான். கையில் இருக்கும் கல்லைக் கீழே போட்டுவிட்டு வாயைத் திறக்கிறான். வாயையும் மூடு என்று சொல்கிற பக்தியை நான் நம்புவதில்லை.

இயேசு ஏரோதைக் குள்ளநரி என்று அழைத்தார். ஏரோது அந்தப் பகுதியை ஆண்டவன். கோயிலில் காசு மாற்றுகிறவர்களின் மேசையைக் கவிழ்த்தார். பகைவரை நேசிக்கச் சொன்னவரும் அவர்தான். இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: பகைவரை நேசி என்று ஒருவர் சொல்கிறார் என்றால், பகைவர் இருக்கிறார் என்று அவர் ஒப்புக்கொள்கிறார். பகையே இல்லை, எல்லாம் நம் மனதில்தான் என்று அவர் சொல்லவில்லை. எங்கள் பங்குகளில் மறையுரை கேட்டால் பகைவர் என்றாலே மாமியார், பக்கத்து வீட்டுக்காரி, சொத்துத் தகராறு செய்த தம்பி. அவர்களோடு சமாதானமாகப் போ என்கிறார்கள். சுடுகாட்டுப் பாதையை மறித்தவனை என்ன செய்வது என்று எந்தச் சாமியாரும் அந்த வசனத்தை வைத்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

மார்ட்டின் லூதர் கிங் இந்த இடத்தில் ரொம்ப உதவுகிறார். அவர் போதகர். அவர் வீட்டில் குண்டு வீசியிருக்கிறார்கள். நேசிப்பதும் பிடித்துப்போவதும் ஒன்றல்ல என்று அவர் தன் சபையாரிடம் விளக்கினார். தன் வீட்டில் குண்டு போடுகிறவனை ஒருவருக்குப் பிடிக்க வேண்டும் என்று இயேசு கேட்கவில்லை என்பது அவருக்கு ஆறுதலாகவே இருந்தது. நேசிப்பது என்றால் அவனை அழிக்க வாய்ப்புக் கிடைக்கும்போது அழிக்காமல் இருப்பது, அவன் செய்யும் அநீதியை மட்டும் விடாமல் எதிர்ப்பது. இந்த அளவுக்கு என்றால் என்னாலும் முடியும் என்று நினைக்கிறேன். பிரியாணி விருந்துக்குக் கூப்பிடச் சொல்லவில்லையே.

கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் பெயரைச் சொல்லாமல் இந்தத் தலைப்பைப் பேச முடியாது. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூர் கிராமத்தில், ஜீப்புக்குள் தூங்கிக்கொண்டிருந்த அவருடைய கணவர் கிரகாம் ஸ்டெயின்ஸையும் இரண்டு சிறு மகன்களையும் உயிரோடு கொளுத்தினார்கள். கொன்றவர்களை மன்னிக்கிறேன் என்று அந்த அம்மா சொன்னார். 2004 வரை பாரிபதாவில் தொழுநோயாளிகளோடு வேலை செய்துகொண்டிருந்தார். அதை நினைத்தால் எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறிகிறது. ஆனால் மன்னிப்பதும் குற்றத்துக்குச் சட்டப்படி வரும் விளைவும் வேறு வேறு என்பதில் அவர் தெளிவாக இருந்தார். வழக்கு நடந்தது. முக்கியக் குற்றவாளி தாரா சிங்குக்கு விதித்த மரண தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. 2011இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

எனக்குக் கோபம் அந்த அம்மா மீது இல்லை. அவர் பெயரைச் சொல்லி மற்றவர்களின் வாயை அடைக்கிறவர்கள் மீது. 2008இல் அதே ஒடிசாவில் கந்தமாலில் வீடுகளைக் கொளுத்தி ஆயிரக்கணக்கானவர்களைக் காட்டுக்குள் துரத்தினார்கள். பாதிக்கப்பட்டவர்கள் தலித் கிறித்தவர்கள், ஆதிவாசிக் கிறித்தவர்கள். அவர்களிடம் போய் 'கிளாடிஸ் அம்மாவைப் பாருங்கள்' என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? கணவனையும் பிள்ளைகளையும் இழந்தவர் மன்னித்தார், அது அவருடைய மன்னிப்பு. எரிந்த வீட்டுக்காரனுக்குப் பதிலாக எரியாத வீட்டுக்காரன் மன்னிக்க முடியாது.

இதுவரை பேசியதைக் கேட்டால் நம்பிக்கையும் அரசியல் வெறுப்பும் எனக்குள் சமாதானமாகக் குடித்தனம் நடத்துகின்றன என்று தோன்றும். இல்லை. அந்த வெறுப்பு எங்கெங்கோ வழிந்து போகிறது. அதையும் பேச வேண்டும்.

பூசையில் மறையுரைக்குப் பிறகு விசுவாசிகள் மன்றாட்டு என்று ஒன்று வரும். திருத்தந்தைக்காக, நோயாளிகளுக்காக, மழைக்காக, அப்புறம் நாட்டை ஆள்பவர்களுக்காக. ஒருவர் வாசிப்பார், நாங்கள் எல்லாரும் சேர்ந்து பதில் சொல்வோம். ஆள்பவர்களுக்காக வாசிக்கும்போது என்னோடு வரும் பல்கலைக்கழகத் தோழி ஒருத்தி வாயை இறுக மூடிக்கொள்வாள். "அந்த ஆளுக்காக நான் ஏன் வேண்டணும்?" என்பாள். நான் வேண்டுவேன். ஏன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

அரசர்களுக்காக வேண்டிக்கொள்ளச் சொல்கிறது திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகம். அந்த அரசர்கள் யார்? ரோமப் பேரரசர்கள். கிறித்தவர்களுக்கு அவர்களால் நன்மை ஒன்றும் இருந்ததில்லை. அந்தக் காலத்துக் கிறித்தவர்கள் பேரரசருக்காக வேண்டினார்கள், ஆனால் பேரரசர் சிலைக்கு முன்னால் சாம்பிராணி போட மறுத்தார்கள். அதற்காகச் செத்தார்கள். இரண்டாம் நூற்றாண்டின் முடிவில் வட ஆப்பிரிக்காவில் தெர்த்துல்லியன் என்பவர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பேரரசருக்காக நாங்கள் ஜெபிக்கிறோம், அவரைக் கடவுள் என்று மட்டும் சொல்ல மாட்டோம் என்பது அவர் வாதம். தமிழில் இதை ஒரே வேற்றுமை உருபில் சொல்லிவிடலாம். அரசருக்காக மன்றாடுவது வேறு, அரசரிடம் மன்றாடுவது வேறு. நான் ஒருவருக்காக வேண்டுகிறேன் என்றால், அவரும் என்னைப் போலத் தப்புச் செய்யக்கூடிய, சாகப்போகிற, ஒரு நாள் கணக்குக் கொடுக்க வேண்டிய மனிதர் என்று பொருள். ஆட்சியில் இருப்பவரைப் பற்றி அதைவிட அவமரியாதையான உண்மை எதுவும் இல்லை என்று சில சமயம் நினைத்துக்கொள்வேன்.

பாபாசாகேப் 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய உரை உங்களில் பலருக்கு மனப்பாடம். மதத்தில் பக்தி ஆன்ம விடுதலைக்கு வழியாக இருக்கலாம், அரசியலில் பக்தி சீரழிவுக்கும் கடைசியில் சர்வாதிகாரத்துக்கும்தான் கொண்டுபோகும் என்று எச்சரித்தார். நாம் அதை மேடையில் சொல்லும்போது எதிரில் இருப்பவர்களைக் காட்டிச் சொல்கிறோம். 2019இல் திருச்சி மாவட்டத்தில் ஒரு விவசாயி பிரதமருக்குக் கோயில் கட்டினார், அதைக் கிண்டல் செய்தோம். 2021இல் மதுரை மாவட்டத்தில் டி.குன்னத்தூரில் எம்.ஜி.ஆருக்கும் ஜெயலலிதாவுக்கும் கோயில் திறந்தார்கள், அதற்கும் சிரித்தோம். ஆனால் பக்திக்கு இன்னொரு முகம் இருக்கிறது. புராணக்காரர்கள் அதைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். சிசுபாலன் கிருஷ்ணனைத் திட்டியே மோட்சம் போனானாம். இருபத்து நான்கு மணி நேரமும் அவனையே நினைத்துக்கொண்டிருந்ததால். காலையில் எழுந்ததும் கைப்பேசியில் ஒருவர் முகத்தைத் தேடிப் பிடித்துத் திட்டிவிட்டுத்தான் பல் விளக்குகிறேன் என்றால், அவர் படத்தைப் பூசையறையில் வைத்திருக்கிறவருக்கும் எனக்கும் தூரம் அதிகமில்லை. புராணத்தை வைத்துப் பேசுகிறேனே என்று பெரியாரியத் தோழர்கள் கோபிக்க வேண்டாம். எதிரி எழுதியது என்றாலும் இந்த இடத்தில் சரியாக எழுதியிருக்கிறான்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. நான் இன்றைக்கு உங்களிடம் சொல்ல வந்ததே அதுதான்.

ஆய்வுக்காக ஒரு பங்குக்குப் போயிருந்தேன், ஊர்ப் பெயர் வேண்டாம். மணிப்பூரில் 2023 மே மாதம் வன்முறை தொடங்கிய பிறகு அங்கே மெழுகுவர்த்தி ஊர்வலம் வைத்தார்கள். நல்ல கூட்டம். ஒடுக்கப்பட்டவர்களோடு நிற்போம் என்று பதாகை. கோயிலிலிருந்து கிளம்பிய ஊர்வலம் கல்லறைத் தோட்டம் வழியாகத்தான் போக வேண்டும். அந்தத் தோட்டத்துக்கு நடுவே ஒரு சுவர் இருக்கிறது. இந்தப் பக்கம் ஆதிக்கச் சாதிக் கிறித்தவர்களின் கல்லறைகள், அந்தப் பக்கம் எங்கள் ஆட்கள். சேரி இளைஞர்கள் நான்கு பேர், சுவரைப் பற்றியும் ஒரு வரி பதாகையில் எழுதலாம் என்று கேட்டிருக்கிறார்கள். பங்குப் பேரவையில் பெரியவர் ஒருவர் பதில் சொன்னாராம்: "தம்பி, இப்ப இத எடுக்காதீங்க. ஆர்.எஸ்.எஸ்.காரனுக்கு நாமளே அவல் கொடுத்த மாதிரி ஆயிடும்." ஊர்வலம் போனது. எல்லாரும் மெழுகுவர்த்தியோடு அந்தச் சுவரைத் தாண்டி நடந்தார்கள். அந்தப் பையன்களும் நடந்தார்கள்.

அந்தப் பெரியவருக்குப் பாஜக மீது இருக்கும் வெறுப்பு பொய் இல்லை. மணிப்பூருக்காக அவர் அழுதது உண்மை. ஆனால் அந்த வெறுப்பு அவருக்கு ஒரு வேலையைச் சுலபமாகச் செய்து கொடுக்கிறது. அவரைச் சிறுபான்மையினராக மட்டும் காட்டுகிறது, சாதிக்காரர் என்பதை மறைக்கிறது. வெளியே எதிரி இருக்கும்வரை உள்ளே இருக்கும் சுவருக்கு ஆயுள் கெட்டி. எறையூரில் 2008 மார்ச்சில் என்ன நடந்தது? இரண்டு பக்கமும் கத்தோலிக்கர்கள்தான், ஒரே மாதாவுக்குத்தான் தேர் இழுத்தார்கள். தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதற்கு அடியும் உடைந்த வீடுகளும்தான் கிடைத்தன. போலீஸ் துப்பாக்கிச் சூடு வரை போய் இரண்டு உயிர்கள் போயின. அதற்கு எந்த இந்துத்துவ அமைப்பும் தேவைப்படவில்லை.

இதே வாக்கியத்தை நான் வேறு இடத்திலும் கேட்டிருக்கிறேன். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். ஆட்சியில் இருந்தது சமூக நீதி பேசுகிற திமுக. 2025 ஜனவரியில் சிபிசிஐடி குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது, அந்தப் பாதிக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த மூன்று பேர் மீதே. அதைப் பற்றிப் பேசியபோது முற்போக்கு நண்பர்கள் சொன்னார்கள்: "தோழர், விமர்சனம் சரிதான். ஆனா இப்ப பேசினா பாஜகவுக்குச் சாதகமாயிடும்." பங்குப் பேரவைப் பெரியவரும் நாத்திகத் தோழரும் ஒரே வாக்கியத்தை வைத்திருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் இரவில் 44 பேரை ஒரே குடிசைக்குள் எரித்த கீழவெண்மணி 1968இல் நடந்தது. அப்போதும் திமுக ஆட்சிதான். தமிழ்நாட்டில் பாஜகவே கிடையாது. அப்போது பேசாமல் இருந்தவர்களுக்கு என்ன சாக்கு இருந்தது?

என் நம்பிக்கை என்னிடம் கேட்பது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். வெறுப்பைக் குறைத்துக்கொள் என்று அது கேட்கவில்லை. யார் பாவத்தை மூட உன் வெறுப்பைப் போர்வையாகக் கொடுத்திருக்கிறாய் என்று கேட்கிறது. கத்தோலிக்கத்தில் நல்ல விஷயம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால், பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போது அடுத்தவன் பாவத்தைச் சொல்ல முடியாது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அண்ணன் மாங்காய் திருடியதைச் சொன்னேன். சாமியார் சிரித்துவிட்டு, "அது அவன் வந்து சொல்லட்டும், நீ என்ன பண்ணின?" என்றார். கட்சிக்காரர்களுக்கும் இப்படி ஒரு தொட்டி வைக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்கள். எதிரில் வரும் ஒவ்வொருவரையும் 'சங்கி' என்று முடித்துவிடுகிறோம். திருவிளக்குப் பூசைக்குப் போகும் கிழவியும் சங்கி, கலவரத்துக்குத் திட்டம் போடுகிறவனும் சங்கி. என் பெரியப்பா மகன் ஒருவர் பாஜகவில் இருக்கிறார். எங்கள் குடும்பங்களில் இது நடக்கும். கோயில் பதிவேட்டில் ஒரு பெயர், தாலுகா அலுவலகத்தில் ஒரு பெயர். சான்றிதழுக்காக இந்து என்று இருந்தவர் மெல்ல அப்படியே ஆகிப்போனார். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தோம். "ஏண்ணே அங்க போய்ச் சேர்ந்த?" என்று கேட்டேன். அவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னார்: "இருபத்தஞ்சு வருசம் பழைய கட்சிக்குச் சுவரெழுத்து எழுதினேன் பாப்பா. கொடி கட்டினேன். தலைவர் வந்தா மேடைக்குக் கீழ நிப்பேன். ஒரு நாள் ஏறி உக்காருன்னு எவனும் சொல்லல. இவனுங்க ஒன்றியப் பொறுப்பு குடுத்து நாற்காலி போட்டானுங்க. வீட்டுல வந்து சாப்பிட்டானுங்க."

"சாப்பிட்டுட்டு என்ன சட்டம் போடுறாங்கன்னு பாத்தியா?" என்றேன். சண்டை வந்துவிட்டது. பாயசம் வருவதற்குள் இரண்டு பேரும் எழுந்துவிட்டோம். அவர் சொன்னது எதுவும் என் கருத்தை மாற்றவில்லை. அந்த நாற்காலிக்குப் பின்னால் இருக்கும் கணக்கு எனக்குத் தெரியும். ஆனால் அந்த நாற்காலி இருபத்தைந்து வருடம் போடப்படாமல் இருந்ததும் உண்மை. அதற்குப் பதில் சொல்ல வேண்டியது அவர் இல்லை. அவரைச் 'சங்கி' என்று நான் எழுதி முடித்துவிட்டால், பழைய கட்சிக்காரர் நிம்மதியாகத் தூங்குவார்.

இயேசு கூட்டிச் சேர்த்த பன்னிரண்டு பேரில் ரோமுக்கு வரி வசூலித்த மத்தேயுவும் இருந்தார், ரோமை விரட்ட நினைத்த சீமோனும் இருந்தார். சீமோனுக்குத் தமிழ் விவிலியத்தில் 'தீவிரவாதி' என்றே பட்டம், இன்றைக்கு இருந்தால் உபாவில் போட்டிருப்பார்கள். அந்த இரண்டு பேரும் ஒரே பந்தியில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எந்த நற்செய்தியாளரும் எழுதி வைக்கவில்லை. எங்கள் கல்யாணப் பந்தி மாதிரிதான் இருந்திருக்கும். மத்தேயு வரிச்சாவடியை விட்டு எழுந்து வந்த பிறகுதான் அங்கே உட்கார்ந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். என் அண்ணன் இன்னும் சாவடியில்தான் இருக்கிறார். அடுத்த கல்யாணத்திலும் பக்கத்தில்தான் உட்காருவேன்.

பேச்சு முடிந்ததும் கேள்வி நேரத்தில் ஒரு தோழர் கேட்டார்: "அப்ப நீங்க ஆள்பவருக்காக என்னதான் தோழர் வேண்டுறீங்க? நல்லாயிருக்கணும்னா?" அவருக்குச் சொன்ன பதிலையும் இங்கே சேர்த்துவிடுகிறேன்.

எங்கள் பங்கில் மன்றாட்டு எழுதும் முறை அன்பியங்களுக்குச் சுழற்சியில் வரும். அச்சடித்த புத்தகத்தில் ஆள்பவர்களுக்கு 'ஞானத்தையும் நல்ல மனத்தையும்' கேட்டு ஒரு பொது வேண்டுதல் இருக்கும். எங்கள் முறை வந்தபோது நான் வேறு எழுதினேன். 1950 ஆணையின் மூன்றாவது பத்தியை நீக்கும் மனதை ஆள்பவர்களுக்குக் கொடும். விசாரணை இல்லாமல் சிறையில் இருப்பவர்களின் பிணை மனுக்களைப் படிக்கும் பொறுமையை நீதிபதிகளுக்குக் கொடும். அடுத்த வரி, எங்கள் கல்லறைத் தோட்டத்தில் இருக்கும் சுவரை இடிக்கும் துணிவை எங்கள் பங்குப் பேரவைக்குக் கொடும். பங்குத்தந்தை வாங்கிப் படித்தார். முதல் இரண்டையும் உடனே சரி என்றார். மூன்றாவதை, "அடுத்த முறை பாக்கலாம்மா" என்றார்.

ஆகஸ்டில் மறுபடி எங்கள் முறை வருகிறது. அதே மூன்றையும் எழுதி வைத்திருக்கிறேன். இந்த முறை சுவரை முதலில் போட்டிருக்கிறேன்.